மாமா பிரேக் போட்டதால் நின்ற நட்சத்திரம்

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் போர்வைக்குள் டார்ச் பிடித்துக்கொண்டு எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலமாகத் தூங்குகிறார்கள். அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் தொலைநோக்கியும் நலம்தானே? விடிந்ததும் இதை உங்கள் கடைக் கதவடியில் செருகிவிடுவேன். அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள். தம்பியை ஒரு சொல் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது.

விஷயம் இதுதான். நாளைக்குப் பள்ளி விழாவுக்கு நீங்கள் வர வேண்டாம். கோபப்படாதீர்கள். இயேசு பிறந்தபோது ஞானிகளுக்கு வழிகாட்டிய நட்சத்திரம் எது என்று நான் மேடையில் பேச நீங்கள் எழுதிக் கொடுத்தது மனப்பாடமாகிவிட்டது, ஆனால் அதை என்னால் நம்ப முடியவில்லை, நம்பாததைச் சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும், நீங்களோ மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு, கண் சோதிக்க வந்தவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்காரப் போகிறீர்களாம், அத்தை சொன்னார்கள்.

வியாழனும் சனியும் ஒட்டி வந்து ஒரே நட்சத்திரமாகத் தெரிந்தன என்கிறீர்கள். அப்போது இரண்டுக்கும் நடுவே இரண்டு முழுநிலா வைக்க இடம் இருந்தது என்று நூலகப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கண்ணாடிக் கடைக்காரர் நீங்களே அதை ஒன்று என்றால், இனி யார் உங்களிடம் கண்ணைக் காட்டுவார்கள்? இல்லாவிட்டால் வால் நட்சத்திரம் என்கிறீர்கள். அதைப் பார்த்தாலே ராஜாவுக்கு ஆகாது என்று நடுங்கிய காலம், பரிசைத் தூக்கிக்கொண்டு யாராவது கிளம்புவார்களா? அதுவும் இல்லாவிட்டால் வெடித்த நட்சத்திரமாம். வெடித்திருந்தால் ஊரே பார்த்திருக்குமே! அந்த ஊர் ராஜாவோ அதைப் பார்க்கவே இல்லாமல், ஞானிகளை ரகசியமாகக் கூப்பிட்டு, 'அது எப்பய்யா தெரிஞ்சுது?' என்று விசாரித்திருக்கிறார்.

இதுகூடப் பரவாயில்லை மாமா, அந்த நட்சத்திரம் ஞானிகளுக்கு முன்னாடி போய்க் குழந்தை இருந்த வீட்டு மேல நின்னதைக் காட்டறேன்னு போன வாரம் ஸ்கூட்டர்ல வியாழனைத் துரத்திக்கிட்டுப் போனோமே, அதை நினைச்சாதான் தூக்கம் வரலை. 'பாரு குட்டி, நமக்கு முன்னாடி போகுது!'ன்னு கத்தினீங்க. பல் டாக்டர் வீட்டு வாசல்ல பிரேக் போட்டு, 'நின்னுடுச்சு பாத்தியா, கரெக்டா இந்த வீட்டு மேல!'ன்னீங்க. நீங்க நின்னதாலதான் மாமா அது நின்னுச்சு. நாலடி தள்ளிப் போனா சலவைக் கடை மேல நிக்குது. காவலாளி வந்து, 'யாரைப் பார்க்கணும்?'னு கேட்டப்ப நீங்க மேலே கை காட்டினீங்க. 'மாடி போர்ஷன் போன மாசமே வாடகைக்குப் போயிடுச்சு சார்'னுட்டார். எனக்கு மானம் போச்சு.

பைபிளில் இதை எழுதி வைத்தவர் அதிசயம் என்றுதான் எழுதி வைத்தார். அதை ஏன் தொலைநோக்கிக்குள் திணிக்க வேண்டும்? எனக்குத் தெரியாதுன்னே சொல்லிடறேன் மாமா. ஆனா உங்க முகம் வாடுறதைப் பார்த்துக்கிட்டே சொல்ல என்னால முடியாது.

அத்தைக்கு வணக்கம். சிறியவளை மன்னித்து, மன்னிக்க முடியாவிட்டால் ஆசீர்வாதம் மட்டுமாவது செய்யவும்.

இப்படிக்கு,
தூக்கம் வராத அக்கா மகள்

பி.கு.: இப்போது சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தேன். 'அது என்ன நட்சத்திரம் என்று எனக்குத் தெரியாது. நன்றி.' அவ்வளவுதான், முடிந்துவிட்டது. டீச்சர் ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். மீதி நேரம் அத்தனை பேர் முன்னால் தனியாக எப்படி நிற்பேன்? கட்டாயம் வாங்க மாமா. முன்வரிசையிலேயே உட்காருங்க. தெரியாதுன்னு நான் சொன்னதும் எப்படியும் எழுந்து சண்டைக்கு வருவீங்க. அப்புறம் எனக்குப் பயமே இருக்காது.