குஞ்சியப்புவுக்கு நான் பொறுப்பு

ஊர்காவற்றுறை,
பங்குனி 12.

அன்புள்ள தங்கச்சி ஜெயந்தாவுக்கு, அண்ணன் அன்ரனிதாஸ் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் உனக்கு நான் ஒருநாளும் பழுதான நண்டை நல்லதென்று சொன்னதில்லை. குஞ்சியப்பு சுகம். நான் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பேன், நீ பாதியில் "பொறுங்கோ அண்ணா, வேலைக்குப் பிந்துது" என்று வெட்டிவிடுவாய். எழுத்து வேறு மாதிரித் தெரிந்தால் யோசிக்காதே.

அப்பாவின் தம்பி யாக்கோப்புக் குஞ்சியப்புவுக்குப் போன வருடம் வாதம் வந்து வலது கை நடுங்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். கையெழுத்துப் பழையபடி இல்லையென்று வங்கியில் அவருடைய காசைத் தர மறுத்தார்கள். "அண்ணா, நீங்களே கோட்டிலை நீதிபதியிட்டைக் கேட்டு அவருக்குப் பாதுகாவலரா வாங்கோ, பிறகு எல்லாத்துக்கும் நீங்களே கையெழுத்து வைக்கலாம்" என்று கனடாவிலிருந்து யோசனை சொன்னது நீ. அதை மறந்துவிடாதே. நான் கேட்டது ஒரு கையெழுத்து. அவர்கள் தந்தது ஒரு முழு மனிதரை.

பிழை என்னுடையதுதான், மறைக்கவில்லை. முப்பது வருடமாக இந்த இறங்குதுறையில் நண்டு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவன் நான். வாங்குகிற சாமானை முதலில் இழித்துப் பேச வேண்டும். "இது தண்ணி நண்டு, கால் ஒடிஞ்சிருக்கு, ஆர் வாங்குவினம்?" என்றால்தான் நடுவில் ஒரு விலைக்கு வரலாம். சட்டத்தரணி கம்சிகா, "ஐயாவாலை என்னென்ன ஏலாது, சொல்லுங்கோ" என்று கேட்டபோதும் பழக்க தோஷம், முழுவதையும் கேட்டால் பாதியாவது கிடைக்கும் என்று நினைத்து, வயது எண்பத்திரண்டு, நாள் தெரியாது, ஆள் தெரியாது, தானாகக் குளிக்க ஏலாது, சோறும் வாயில் தீத்த வேண்டும் என்று அடுக்கிவிட்டேன். அந்தப் பிள்ளை அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

"ஒண்டையும் குறைக்கேல்லையோ பிள்ளை?"

"சத்தியக் கடதாசியிலை நீங்கள் சொன்னதை நான் ஏன் ஐயா குறைப்பன்?"

குஞ்சியப்புவாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். அவர் இதே கரையில் அறுபது வருடம் நண்டு விற்றவர். கேட்ட விலை கேவலமென்றால் வாய் திறக்க மாட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வாங்குகிறவன் தானாக ஏறி வர வேண்டும். வைத்தியர் கேட்டதற்குப் பேச்சில்லை. நீதிபதி கேட்டதற்கு யன்னலைப் பார்த்தார். "ஐயா, பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரிகிறதா?" என்று நீதிபதி மறுபடி கேட்க, என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். உனக்கு இண்டைக்கு நண்டு இல்லை என்கிற பார்வை அது. எனக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியுமோ? நான் விலையை இறக்கினேன், அவர் அது ஏறுமட்டும் காத்து நின்றார், விலை பொருந்தும் முன்னம் கட்டளை வந்துவிட்டது. அவர் தன் அலுவலைத் தானே பார்க்க முடியாதவராம். நான் அவருடைய சொத்துக்கு முகாமையாளர், ஆளுக்குப் பாதுகாவலர். ஒரே வீட்டில் இருக்க வேண்டும், தனியே விடக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை. படியிறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"எடேய் தாசன், எனக்குச் சோறு தீத்த வேணுமோ? வா, இண்டைக்குத் தீத்து."

கட்டளையோடு வங்கிக்குப் போனேன். புதிதாக வந்த வங்கி முகாமையாளர் இரண்டு முறை வாசித்தார். "இதுக்கேன் கோட்டுக்குப் போனனீங்கள்? ரெண்டு சாட்சியோடை பெருவிரல் அடையாளம் வைச்சிருக்கலாமே."

"அப்ப இப்ப வைப்பம்."

"இப்ப ஏலாது. அவர் தெளிவில்லாதவர் எண்டு கட்டளை இருக்கு. அவற்றை விரல் செல்லாது."

"அப்ப என்ரை கையெழுத்து?"

"காசு எடுக்கிறதெண்டால் அதுக்குக் கோட்டிலை வேறை அனுமதி வேணும்."

போன மாதம் செல்லுபடியான விரல் இந்த மாதம் செல்லாதாம். விரல் அதே விரல்தான், நான் பார்த்தேன். உனக்கு விளங்கினால் எனக்கும் எழுது.

அதைவிடப் பெரிய இடி குஞ்சியப்புவின் படகு. அதன் மீன்பிடி அனுமதிப்பத்திரம் இந்த மாதத்தோடு முடிகிறது. இனி அவருடைய பெயரில் புதுப்பிக்க ஏலாதாம். சித்திரை பிறந்தால் குஞ்சியப்பு கரையில்தான். கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. "காசை நீயே வைச்சிரு தாசன். படகை மட்டும் திருப்பித் தா" என்றார். கேட்ட விலைக்கே ஒப்புக்கொண்டேன், ஜெயந்தா.

அதுவரை விடியற்காலையில் அவர் கடலுக்குப் போவார். தனியே விடக்கூடாதென்பதால் நானும் போகிறேன். கடல் எனக்கு ஒத்துவராது. நேற்று வீட்டுயர அலை. வலை இழுத்ததும் அவர்தான், நான் ஓங்காளித்துச் சத்தி எடுக்க என் தலையைப் பிடித்ததும் அவர்தான்.

கட்டளையை மாற்ற அவர் தெளிவானவர் என்று காட்ட வேண்டுமாம். நான் கூட்டிச் சொன்னேன் என்றால் பொய்ச் சத்தியத்துக்கு என்னைப் பிடிப்பார்களாம். ஆகவே, குஞ்சியப்பு இப்போதுதான் தேறியிருக்கிறார், வீடியோவில் நன்றாகப் பேசுகிறார் என்று நீ ஒரு கடிதம் அனுப்பு. ஆனால் கூட்டி எழுதாதே. இவர்கள் குறைக்க மாட்டார்கள்.

மச்சானையும் பிள்ளைகளையும் அந்தோனியார் தன் கையில் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன்
அன்ரனிதாஸ்

பி.கு: பிள்ளை ஜெயந்தா, இது குஞ்சியப்பு. தாசன் பாயில் கிடந்து சொல்லச் சொல்ல, எல்லாம் நான் இடது கையால் எழுதினேன். என்னை இழித்ததிலும் ஒரு சொல் குறைக்கவில்லை. எனக்கு வயது எழுபத்தெட்டு. நேற்றுக் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. காலையில் அவனுக்குக் கஞ்சி தீத்தியது நான்தான். நீ கடிதம் ஒன்றும் அனுப்ப வேண்டாம். இதில் ஒரு படி எடுத்துக் கம்சிகாவிடம் கொடுக்கப் போகிறேன். நான் தெளிவு என்பதற்கும் அவன் கூட்டிச் சொன்னதற்கும் இது ஒன்றே போதும். இந்தமுறை நீதிபதி கேட்டால் வாய் திறப்பேன். தாசனை மறியற்சிறையில் போடவும் விடமாட்டேன், பிறகு என் நண்டை யார் வாங்குவது? கடிதத்தை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்துவிட்டான். சத்தி எடுத்த கை, எப்படி நடுங்கியிருக்கிறது பார். வங்கியில் காட்டினால் எடுக்க மாட்டார்கள்.