கூஜோன் துரை

‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. (பிறவிக் குணம், என்ன செய்ய?) அதனால் பட்ட அவமானங்களில் முதலிடம் கூஜோனுக்குத்தான்.

தலைச்சோலையில் எங்கள் காப்பித் தோட்டத்து வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கிய புதிது. என் மாமியாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. “மொத ஆளுங்க மொகஞ்சுளிச்சாங்கன்னா அன்னைக்கே கதவச் சாத்திப்போடோணும் கண்ணு” என்று கறாராகச் சொல்லிவிட்டார். நானோ வருகிறவர்களை அசத்துவதற்காக, வாசல் பலகையில் ‘இன்றைய சிறப்பு: பிரெஞ்சு மீன் கூஜோன்’ என்று எழுதினேன். யூடியூபில் பொறுக்கிய பெயர்.

எழுதிய பிறகுதான் உறைத்தது, அன்று புரட்டாசிச் சனிக்கிழமை.

“மீனு ஊட்டுப்படி ஏறுச்சுன்னா நா மலையெறங்கிருவேன்” என்றார் அத்தை. பலகையை அழிக்க என் கௌரவம் விடவில்லை. வாழைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, ரொட்டித்தூளில் பிரட்டிப் பொரித்து அடுக்கிவிட்டேன்.

முதல் விருந்தாளிகள் புதுச்சேரித் தம்பதி. தட்டை வைத்ததும் அந்த அம்மாள் கேட்டார், “கூஜோன்னா என்னம்மா?”

“ஒரு பிரெஞ்சுத் துரை பேருங்க. இந்த மலையில மொதமொதல்ல காப்பித் தோட்டம் போட்டவருங்க. மீனுன்னா அவருக்கு நொம்ப உசுருங்க.”

“அப்படியா? ரிட்டயர் ஆகுற வரைக்கும் நான் பிரெஞ்சு டீச்சர். இவரைக் கேள்விப்பட்டதே இல்லையே!”

அதற்குள் அத்தை சமையலறையிலிருந்து வந்துவிட்டார். “ஏனுங்க, அதுல மீனும் இல்லீங்க. வாழக்காய்ங்க. சனிக்கெழமையில நா பொய் பேச மாட்டனுங்க.”

என் தொழில் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த அம்மாளோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கூஜோன்னா ஆத்துல இருக்குற ஒரு சின்ன மீன்மா. பெரிய மீனை அந்த அளவுக்கு நீளமா நறுக்கிப் பொரிச்சாங்க, அதுக்கும் அதே பேர் வந்துடுச்சு. இப்போ கோழியை அப்படி நறுக்கினாலும் கூஜோன்தான்.”

விட்டேனா? “அப்ப பேரு மீனுக்கில்லீங்க, நறுக்குக்குத்தானுங்க! வாழக்காயும் கூஜோன்தானுங்களே?”

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார்.

“சந்தேகமே இல்லாம. இன்னொரு தட்டு கொண்டு வாங்க.”

ஜெயித்துவிட்டேன்! அவர் சொல்லி அனுப்பிய ஆட்களாலேயே அந்த சீசன் முழுக்க அறைகள் நிரம்பின. பலகையில் ‘மீன்’ என்பதை அழித்து ‘வாழைக்காய்’ என்று எழுதியவர் சாட்சாத் அத்தையேதான்.

இப்போது விருந்தாளிகளுக்குத் தட்டு வைப்பதும் அவர்தான். கூடவே என் மானத்தை வாங்கும் கதையையும் பரிமாறுவார். போன செவ்வாய்க்கிழமை கதவோரம் நின்று கேட்டேன். அத்தையின் கதையில் துரைக்கு ஒரு வெள்ளைக் குதிரையும் வந்திருந்தது.