சீரம் அண்ணை பிடித்த புரதம்

வன்னியில் சீரம் அண்ணையின் ஊசிக்குத் தப்பியவன் நான் ஒருத்தன்தான், அதுவும் கொஞ்சக் காலம்தான். மற்றவர்களுடைய இரத்தமெல்லாம், நுளம்பு குடித்ததுபோக மிச்சம், அவருக்கே போனது.

எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சியில் இரத்தம் சோதிப்பது அவர் உத்தியோகம். இரத்தத்தை உறையவிட்டால் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீர்தான் சீரம். கலியாணப் பந்தியிலும் அதைப் பற்றித்தான் கதைப்பார். பக்கத்து இலைக்காரன் பிறகு ரசத்தைத் தொடவே மாட்டான்.

"ஈரல்ல கட்டி கைக்குத் தட்டுப்படேக்கை காலம் பிந்திப்போம், தம்பி. என்ரை மனுசிக்கு அப்பிடித்தான். ஆனா அதுக்கு முந்தியே இரத்தத்தில ஒரு புரதம் ஏறுதாம். வெள்ளனவே பிடிச்சா ஆளைக் காப்பாத்தலாம்!"

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் பகிடி விடமாட்டார். செங்கமாரி, அதுதான் மஞ்சள் காமாலை, வந்தவர்களுக்குத்தான் ஆபத்து கூட என்று, சைக்கிள் கரியரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர்களைத் தேடித்தேடிப் போவார். எடுத்த சீரத்தை அந்தப் புரதச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்புவார்.

அக்கராயனில் எங்கள் அக்காவுக்கும் முன்பு செங்கமாரி வந்தது. எனக்கும்தான், நான் மூச்சுவிடவில்லை. அக்காவை முற்றத்தில் இருத்தி, அயலட்டை முழுக்கப் பார்த்து நிற்க, கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை வாசித்தார். "பிள்ளைத்தாச்சியோ?"

பதினாறு வருசமாய்ப் பிள்ளையில்லாதவளிடம் கேட்கிற கேள்வியா! "உங்களுக்கென்ன விசரே?" என்று பாய்ந்தேன்.

"படிவத்தில கிடக்கு தம்பி. கேக்கத்தானே வேணும்."

அக்கா குனிந்தபடி "இல்லை" என்றாள்.

மூன்று கிழமை கழித்து ஒரு நண்பகல், ஒற்றைச் செருப்போடு சைக்கிளில் பறந்து வந்தார். "பிடிச்சிட்டன்! வெள்ளனவே பிடிச்சிட்டன்! தங்கச்சிக்குப் புரதம் ஏறியிருக்கு!"

அத்தான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் அவர் சைக்கிளை மறித்துப் பிடித்தேன். "கோதாரி! புற்றுநோய் எண்டு சொல்ல இவ்வளவு சந்தோசமோ?"

"அவாவைச் சாகவிடமாட்டன், தம்பி! உடுப்பை அடுக்குங்கோ, கொழும்புக்கு நானும் வாறன்!"

குசினி வாசலிலிருந்து அக்கா மெல்லக் கேட்டாள். "அண்ணை, அந்தப் புரதம் வேறை எதுக்கும் ஏறுமே?"

"ஓம், வயித்தில பிள்ளை இருந்தா ஏறும். அந்தப் பிள்ளையின்ரை ஈரல் செய்யிறது. நீங்கள்தான் இல்லையெண்டனீங்களே!"

"அண்டைக்கு அயலட்டையே முத்தத்தில நிண்டது. முந்தி ரெண்டு தரம் வெள்ளனவே வெளியில சொல்லித்தான் கண்ணூறுபட்டுக் கலைஞ்சது. இந்தமுறை இவருக்கும் சொல்லேல்லை. நாலு மாசம்."

அத்தான் "எடியேய்!" என்று எழும்பினார். சீரம் அண்ணை என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு கதிரையில் இருந்து, வெட்கமில்லாமல் அழுதார்.

"எண்டாலும் பிள்ளை பிறந்தாப்பிறகு இன்னொருக்கா எடுக்கோணும். புரதம் இறங்கினாத்தான் எனக்கு நித்திரை வரும்."

பெண்பிள்ளை பிறந்தாள். இரண்டாவது முறையும் சீரம் கொழும்புக்குப் போனது. முடிவு வந்த அன்று, அவர் சைக்கிள் படலையைத் தாண்ட முதலே குரல் வந்துவிட்டது. "இறங்கீட்டுது! இறங்கீட்டுது!"

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவர் முன்னால் போய் இருந்தேன்.

"எனக்கும் செங்கமாரி வந்தது அண்ணை. எவ்வளவு வேணுமோ எடுங்கோ."