மாப்பிள்ளை முகத்தில் ரவைக் கோலம்

இயற்பியல் படித்தவர்களைக் கல்யாண வீட்டில் பந்தி பரிமாற விடலாம், வாழைமரம் கட்ட விடலாம், கேமராவை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது. யாரையோ குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. என் சொந்த அக்காவின் நிச்சயதார்த்தத்தை நாசம் செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலூரில் ஒரு கல்லூரியில் லேப் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். (மாணவர்களிடம் ஸ்க்ரூ கேஜைக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கும் வேலை. வீட்டில் எல்லாரிடமும் ‘புரொபசர்’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.) வீடு ஆம்பூரில். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்ப ஷூக்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த பழைய கேமராவை, புதியது வந்ததும் கம்பெனி அப்பாவுக்கே கொடுத்துவிட்டது. அது என்னிடம் வந்து சேர்ந்தது. ஆயுள் முழுக்க ஷூவையே பார்த்த கேமரா என்பதாலோ என்னவோ, நான் யாரை எடுத்தாலும் கால் மட்டும் துல்லியமாக விழும்.

அக்கா எஸ்தர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை சாமுவேல் மாமா காட்பாடிக்காரர், மஸ்கட்டில் வேலை, இரண்டு வார லீவில் வந்திருந்தார். நிச்சயத்துக்கு ஐந்து நாள் முன்பு அவருடைய அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாமாவின் லீவையும் தள்ள முடியாது, நிச்சயத்தையும் தள்ள முடியாது. கணவர் இல்லாத மனுஷி, ஒரே மகன். “நான் வர்லைன்னா பரவால்ல. போட்டோ மட்டும் நல்லா எடுத்து அனுப்புங்க. படுத்துக்கினே பார்த்துக்கிறேன்” என்று சொல்லியனுப்பினார்.

ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடலாம் என்றார் அம்மா. நான் விடுவேனா? “நான் இருக்கும்போது எதுக்கும்மா வெளியாளு?” என்றேன். அப்பாவும், “ஆமா, வீட்லயே புரொபசர் கீறா” என்று என் பக்கம் சாய்ந்துவிட்டார்.

சனிக்கிழமை நிச்சயம் நடந்தது. பாஸ்டர் ஜெபம், மோதிரம், புடவைத் தட்டு, பந்தி என்று முப்பத்தாறு படங்களும் எடுத்து முடித்தேன். அன்று சாயந்திரமே மாமா சென்னைக்குப் போய் மஸ்கட்டுக்கு விமானம் ஏறிவிட்டார். நான் ரோலைத் திருப்பிச் சுற்றினேன். இங்கேதான் என் மேதைத்தனத்தைச் சொல்ல வேண்டும். முழுதும் சுற்றினால் ஃபிலிமின் நுனி டப்பிக்குள் போய்விடும். அதை வெளியே எடுக்க ஸ்டூடியோ அண்ணன் ரொம்பவே அலுத்துக்கொள்வார். அதனால் காதைக் கேமராவில் வைத்துக் கேட்டு, நுனி மட்டும் வெளியே நிற்கும்படி சுற்றுவதை நிறுத்தப் பழகியிருந்தேன். அப்படிச் சுற்றிய ரோலும் கடையில் வாங்கிய புது ரோலும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள்தான். இதைப் படித்ததும் நெஞ்சில் கை வைத்தவர்கள் அன்றைய என்னைவிடப் புத்திசாலிகள்.

அந்த ரோலை மேசை டிராயரில் போட்டேன். பக்கத்திலேயே இன்னொரு ரோல் இருந்தது. அது புதுசு.

புது ரோல் எதற்கென்றால், என் ஆராய்ச்சிக்கு. ஓர் உலோகத் தகட்டை நடுவில் மட்டும் இறுக்கி, மேலே பொடியைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்தால் தகடு அதிரும். அதிரும் இடத்திலிருந்து பொடி துள்ளி ஓடி, அதிராத இடங்களில் போய்க் கோடாக நிற்கும். சத்தத்துக்கு உருவம் வந்துவிடும். இதைப் படம் எடுத்துக் காட்டினால் துறைத் தலைவர் அசந்துபோவார், ஸ்க்ரூ கேஜிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கும் என்று கனவு கண்டேன். அலுமினியத் தகடு அப்பாவின் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் வெட்டியது. கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பொடிக்கு அம்மாவின் ரவை. வில் மட்டும் எங்கள் சர்ச் பாடகர் குழு அங்கிளுடையது. ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் என்னவோ கிட்னியைத் தானம் கொடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தார். “சாயந்திர ஆராதனைக்குள்ள வந்துடணும்மா.”

வீட்டுக்கு ஓடி வந்தேன். டிராயரில் கை விட்டேன். கைக்கு வந்த ரோலைக் கேமராவில் மாட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

கொல்லையில் மேசை போட்டு வில்லை இழுத்தேன். கிறீச் என்ற சத்தத்தில் காக்கைகள் பறந்தன. நாலாவது இழுப்பில் பக்கத்து வீட்டு ஷகிலா அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“இன்னாம்மா ரூபி, யாரு கழுத்த அறுக்கிற? ஒரே பேஜாரா கீது.”

“சயின்ஸ் அக்கா.”

அடுத்த இழுப்பில் ரவை துள்ளியது, நெளிந்தது, சட்டென்று எட்டு இதழ் நட்சத்திரமாகி நின்றது. தகட்டின் ஓரத்தைத் தொட்டிருந்த விரலைக் கொஞ்சம் நகர்த்தி இழுத்தேன். நட்சத்திரம் கலைந்து, நாலு மூலையிலும் வளைவுகளாகக் கூடியது. ஷகிலா அக்கா சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். “அட, தன்னால கோலம் போடுதே! இன்னொரு தபா இழு” என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இன்றைக்கும் சொல்வேன், என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான மதியம் அது. ஸ்டூலில் ஏறி நின்று முப்பத்தாறு படங்கள் எடுத்தேன். மறுநாள் இரண்டு ரோல்களையும் ஸ்டூடியோவில் கொடுத்தேன்.

புதன்கிழமை வாங்கப் போனபோது ஸ்டூடியோ அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஒரு ரோல்ல ஒண்ணுமே இல்லம்மா.”

“ஐயோ! இன்னொண்ணுல?”

“இன்னொண்ணுல எல்லாமே கீது.”

கவரைப் பிரித்தேன். நிச்சயத்தை எடுத்த ஃபிலிமிலேயே ரவையையும் எடுத்திருக்கிறேன், ஒன்றின் மேல் ஒன்றாக. மோதிரம் மாற்றும் படத்தில் மாப்பிள்ளையின் நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளையாக ஒரு கோடு. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்க, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இதழ் நட்சத்திரம். பெரியப்பா குடும்பம் மொத்தமும் வளைவுகளுக்குள் சிறைப்பட்டிருந்தது. முப்பத்தாறிலும் இதே கதை. கால்கள் மட்டும் வழக்கம்போலத் துல்லியம்.

வீட்டில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் சின்னம்மா ஒருவர், மூக்குக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, “மாப்ள மூஞ்சிக்குக் குறுக்க கோடு விழுந்துகீது. நல்லதுக்கில்ல” என்றார். (சர்ச்சில் முதல் வரிசை ஆள். சகுனம் என்று வந்தால் எல்லா மதத்துக்கும் முதல் வரிசை.) அக்கா கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாக, “அவங்க அம்மா இதுக்காகத்தாண்டி காத்துகினு கீறாங்க. பார்த்துட்டு எதனா நெனச்சிக்கினா?” என்று மட்டும் கேட்டாள்.

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எனவே குற்றவாளியான நானும் அப்பாவும் காட்பாடிக்கு ரயில் ஏறினோம். மாமாவின் அம்மா, எனக்கு அத்தை முறை, கட்டிலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு படத்தைக்கூட விடாமல் பார்த்தார். அப்பா தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படம் முடிந்ததும் அத்தை மறுபடி முதல் படத்தை எடுத்தார்.

“இது யாரு?”

“பாஸ்டர், அத்தை.”

“மூஞ்சி எங்கம்மா?”

“ரவைக்குக் கீழ.”

தகடு, வில், அதிர்வு என்று எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அப்பா தொண்டையைச் செருமி, “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. சகுனம் அது இதுன்னு...” என்று இழுத்தார்.

“நான் பாத்ரூம்ல விழுந்தப்பவே எங்க சொந்தக்காரங்க சகுனமெல்லாம் பேசி முடிச்சிட்டாங்க. புதுசா பேச ஒண்ணும் பாக்கியில்ல” என்றார் அத்தை. பிறகு மோதிரப் படத்தை என் முன் நீட்டினார். “இதுல என் புள்ள மூஞ்சி எப்பிடி இருந்துச்சி? நீ சொல்லு.”

சொன்னேன். மோதிரம் அக்காவின் விரலில் மாட்டிக்கொண்டு இறங்காமல் அடம் பிடித்ததையும், மாமாவுக்கு வியர்த்ததையும், “சோப்பு வேணுமா?” என்று அக்காவே கேட்டதையும் நடித்தே காட்டினேன். அத்தை மாவுக்கட்டு ஆடச் சிரித்தார். ஒவ்வொரு படத்துக்கும் கேள்வி கேட்டார். யார் என்ன உடுத்தியிருந்தார்கள், எந்தப் பாட்டு, பந்தியில் யாருக்கு எது கிடைக்கவில்லை. ஜெபப் படம் வந்தபோது குரலைத் தாழ்த்திக் கேட்டார். “என்னத் தேடினானா?”

“தேடினாரு அத்தை. பாஸ்டர் உங்களுக்காக ஜெபம் பண்ணப்ப அவருக்கு ஆமென் சொல்லவே குரல் வர்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் நான் எதைக் கெடுத்துவிட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அழுகை வந்துவிட்டது.

“எதுக்கு அழுவுற? படம் நல்லா வந்திருந்தா ரெண்டு நிமிஷத்துல பார்த்துட்டு மூடி வெச்சிருப்பேன். நீ இவ்ளோ நேரம் குந்திகினு சொல்லியிருப்பியா?”

நாங்கள் கிளம்பும்போது மதிய ரயில் போய், மாலை ரயிலும் போயிருந்தது. பஸ்ஸில் வந்தோம்.

கல்யாணத்துக்கு ஸ்டூடியோ அண்ணன்தான் வந்தார். நான் மண்டபத்துக்குள் நுழையும் முன் அம்மா என் கைப்பையைச் சோதித்தார். அத்தை ஊன்றுகோலுடன் முன்வரிசையில் உட்கார்ந்து, நிச்சயத்துக்கு நேரில் வந்தவர்களுக்கே நிச்சயத்தில் நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் துறைத் தலைவரிடமும் அந்தப் படங்களைக் காட்டினேன். “பேட்டர்ன் எல்லாம் கிளியரா இருக்கு. பின்னாடி யாரும்மா இத்தனை பேர்?” என்றார். ஸ்க்ரூ கேஜ் இன்னும் மூன்று வருடம் என்னோடு இருந்தது.

மோதிரப் படத்தை அத்தை சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அத்தை இப்போது இல்லை. படம் அங்கேயேதான் இருக்கிறது. வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் மாமா அதைக் கையால் காட்டுவார்.

“அன்னிக்கே உன் தங்கச்சி கோடு போட்டு எச்சரிக்கை பண்ணா. நான்தான் கண்டுக்கல.”

அக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். “கோடு யார் மூஞ்சில விழுந்துது? உங்க மூஞ்சில. எச்சரிக்கை எனக்குத்தான். நான்தான் ரவைன்னு தொடச்சிட்டுக் கட்டிக்கினேன்.”