கார்த்திகை மாதத்து மின்சாரம்

வாத்தியார் மேஜையில் சோதனை செய்து காட்டும்போது பையன்கள் தூங்கினால், அது பையன்களின் குற்றமல்ல. ஒருவன் வேலை செய்வதை ஊரே உட்கார்ந்து பார்த்தால் கொட்டாவிதான் வரும். இந்த உண்மையை நான் இளம் வயதிலேயே கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இன்று ஹெட்மாஸ்டராக இருந்திருப்பேன்.

அப்போது நான் கல்கத்தாவில் ஒரு பள்ளியில் தற்காலிக சயன்ஸ் வாத்தியார். வேலை நிரந்தரமானால்தான் பெண்ணையும் குழந்தையையும் கும்பகோணத்திலிருந்து அனுப்புவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். நிரந்தரமாவது இன்ஸ்பெக்டர் துரையின் கையில் இருந்தது. அவர் என் வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

"மாஸ்டர் மொஷாய், போன தடவை உங்க வகுப்புல நானே தூங்கிட்டேன்," என்றார் வங்காளி ஹெட்மாஸ்டர். "துரை முழிச்சிருக்கணும். பார்த்துக்கோங்க."

(அவர் எல்லா வகுப்பிலும் தூங்குவார். அதை நான் சொல்லவில்லை.)

எங்களிடம் ஒரு மின்சார யந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாகி ஒரு கண்ணாடி ஜாடியில் சேரும். வாத்தியார் அதிலிருந்து ஒரு பொறியைக் காட்டுவார், பையன்கள் தூங்குவார்கள். நானோ ஒருவனும் சும்மா இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். வகுப்பு முழுவதும் கைகோத்து நிற்கும். முதல் பையன் ஜாடியைப் பிடிப்பான், கடைசி ஆள் அதன் குமிழைத் தொடுவார். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் லேசாகச் சுரீர் என்னும்.

காற்றில் ஈரம் இருந்தால் மின்சாரம் தங்காது. ஆவணி மழையில் ஒத்திகை பார்த்தபோது, கை ஓயச் சுற்றியும் எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. துரை வந்தது கார்த்திகையில். கார்த்திகை என்றால் அடைமழை. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எவனுக்கும் அதில் சந்தேகம் வராது. ஆகவே இரண்டு பங்காகச் சுற்றினேன். (ஜன்னலுக்கு வெளியே வங்காளத்துப் பனிக்கால வானம் பொட்டு மேகமில்லாமல் காய்ந்து கிடந்தது. நான் பஞ்சாங்கத்தை நம்பினேன்.)

குமிழைத் தொடும் கௌரவத்தை, மரியாதையாக, துரைக்கே கொடுத்தேன். அவருடைய மறுகையைப் பிடித்திருந்தவர் ஹெட்மாஸ்டர்.

"வலிக்குமா?" என்றார் துரை.

"எறும்புக் கடி, ஸார்."

சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். வகுப்பு முழுவதும் ஒன்றாகத் துள்ளியது. துரை தரையில் உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் துரையின் மேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு வந்ததும் பையன்கள், "ஆர் ஏக்பார், ஸார்," என்றார்கள். இன்னொரு தடவை வேண்டுமாம். என் வாழ்நாளில் ஒருவன்கூடத் தூங்காத வகுப்பு அது ஒன்றுதான்.

துரை எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டார். "பையன்கள் ஊக்கமாகத்தான் இருக்கிறார்கள். வாத்தியாரை மாற்றுங்கள்."

எனக்குப் பதிலாக வந்தவர் யந்திரத்தைப் பூட்டிவைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்டினார். பையன்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர் நிரந்தரமானார், இப்போது அங்கே ஹெட்மாஸ்டர். நான் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவானேன். ஒருவழியாக என் மனைவி வந்து சேர்ந்தபோது, கூட வந்த மகள் என்னைக் காட்டி, "இந்த மாமா யாரும்மா?" என்று கேட்டாள்.

காளிகாட்டில் என்னோடு தங்கியிருந்த மச்சினன் ராமு, இந்தக் கதையை அன்றே ஊருக்கு அனுப்பிவிட்டான். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் என் கையிலிருந்து காபி டம்ளரைக்கூடச் சாதாரணமாக வாங்குவதில்லை. தொட்டுவிட்டு, "ஆ," என்று ஒரு துள்ளு. நானும் சிரித்துவைப்பேன்.

சென்ற தையில் அதே மகளுக்குக் கல்யாணம். தாரை வார்த்துக்கொடுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து ராமுவின் குரல் வந்தது: "மாப்பிள்ளே, அத்திம்பேர் கையைத் தொடறதுக்கு முன்னாடி குலதெய்வத்தை வேண்டிக்கோங்கோ."

பந்தல் முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். ஆனால் கையை நீட்டுவதற்கு முன் ஒரு கணம் தயங்கினார்.