யாருக்கும் நிற்காத வண்டி

வாழ்க்கையில் ஒரு தடவையாவது நான் கைகாட்டுகிற திசையில் என் குடும்பம் போக வேண்டும் என்று முடிவு கட்டினேன். அதற்காகத்தான் அந்த வேனை வாங்கினேன். குடும்பம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பையன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் இருப்பது என் மனைவியும் அவளுடைய தையல் மிஷினும். மூன்றாவதாக நான்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சே இல்லை என்பது எனக்கு உறைத்தது. காலையில் ஓட ஆரம்பிக்கும் மிஷின் இருட்டும் வரை கடகடவென்று அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். நான் எதையாவது சொன்னால் அவள் "ம்" என்பாள். அந்த "ம்" எனக்கா, கையில் இருக்கும் சட்டைக்கா என்று தெரியாது. ஆள் இருந்தும் ஆளில்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும்.

ஆகவே, கடல். அமைதி. நாங்கள் இருவர் மட்டும். பத்து நாள் அப்படி இருந்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அது கேம்பர் வேன். உள்ளே இரண்டு பேர் படுக்க ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி. எனக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்த வண்டி. விற்றவர், "தங்கம் சார்" என்றார். தங்கம்தான். சூடு பண்ணினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வை பார்த்தவன். மீன், பழம், ஐஸ்கிரீம் எதுவும் என் கையில் கெட்டதில்லை. அங்கே கெட்டுப்போனது என் முதுகு ஒன்றுதான். குளிர்ச்சிக்கு ஒரே விதி, கதவைச் சாத்து. வெளிக்காற்று உள்ளே வந்தால் கூடவே சூடும் வரும். முப்பது வருஷமும் வேலையாட்களைப் பார்த்து நான் கத்திய ஒரே வார்த்தை "கதவு" என்பதுதான்.

வேனின் முன்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. வரிவரியாகத் திறந்து கிடந்தது கிரில். ரோட்டின் அனல் அத்தனையும் நேராக என்ஜினுக்குள் போகும். எந்த மடையன் இப்படிச் செய்தானோ. அன்றைக்கே அளவெடுத்து ஒரு பலகை செய்து கிரிலை மூடினேன். இடுக்குகளில் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தேன். வெறும் பலகையாக இருந்தால் நன்றாக இராது என்று அதில் பெரிய எழுத்தில் "யாருக்கும் நிற்காது" என்று எழுதினேன்.

மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"இது என்ன எழுத்து?"

"யாருக்கும் நிற்காது."

"சிக்னலுக்குமா?"

பெரிய முடிவு எடுத்தவன் சின்னக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் தனியாக ஒரு சுற்று போனேன். தெருவுக்குள் சாதுவாக ஓடியது. பெரிய ரோட்டில் ஏறியதும் சூடு காட்டும் முள் மேலே கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் பலகையின் நாலு பக்கத்திலிருந்தும் ஆவி வந்தது. யாருக்கும் நிற்காத வண்டி யாரும் கேட்காமலேயே நின்றது. அது ஆறும் வரை காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, ஒரு மாட்டை ஓட்டி வருவது போல மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

எதிர்வீட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் ஸ்பேனர். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சார், நின்னா கொதிக்குதா, ஓடினா கொதிக்குதா?"

"தெருவுக்குள்ள ஒண்ணும் பண்ணல. வேகமாப் போனா கொதிக்குது."

வண்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். பலகையைப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே, உங்க பேன்ட் தைச்சு முடிச்சாச்சு. வந்து அளவு சரியான்னு பாத்துடுங்க."

உள்ளே போனவர் வெகு நேரம் கழித்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "படிச்சவங்க நீங்களே பாத்துக்குவீங்க சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். என் தொழில் அனுபவத்துக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மிஷின் நின்றது. அதுவே அபாய அறிகுறி.

"கடலுக்குத்தானே போகணும்? வரேன்" என்றாள்.

என் காதையே நம்ப முடியவில்லை.

"ஆனா ஒண்ணு. வண்டி கொதிக்காம ஆத்துப் பாலத்தைத் தாண்டிக் காட்டுங்க. மூணு தடவை பாருங்க. தாண்டிட்டா நீங்க சொல்ற இடம். தாண்டலேன்னா நான் சொல்ற இடம்."

"நீ சொல்ற இடம்னா?"

"அக்கா வீடு."

அவளுடைய அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவள் கணவர் போன வருஷம் தவறிவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் அக்காவும் தங்கையும் சேர்ந்தால் நான் அந்த வீட்டு நாற்காலிகளில் ஒன்றாகிவிடுவேன். என்னுடைய "நாங்கள் இருவர்" அந்த வாசலோடு சரி.

"சம்மதம்" என்றேன். மூன்று தடவை என்பது எனக்கு இரண்டு அதிகம்.

முதலில் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டேன். என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு அது. தண்ணீர் சூடானதும் திறந்து வழி விட வேண்டும். திறக்காவிட்டால் கொதிக்கிற தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், வீட்டிலிருக்கும் ஓய்வு பெற்றவனைப் போல. கழற்றி எடுத்து அடுப்பில் போட்டுச் சோதித்தேன்.

"பால் காய்ச்சுற பாத்திரத்துல என்ன வேகுது?"

"தெர்மோஸ்டாட்."

"உப்புப் போட்டீங்களா?"

வெந்நீரில் அது அழகாகத் திறந்தது. ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் புதுசு வாங்கி வந்துவிட்ட பாவத்துக்கு மாற்றினேன். பாலம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் வண்டி கொதித்தது. மனைவி பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தாள். வண்டி ஆறுவதற்குள் இரண்டு சட்டை முடிந்தது.

இரண்டாவது தடவை ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். பழைய தண்ணீரையெல்லாம் இறக்கிவிட்டுக் கூலன்ட் ஊற்றினேன். குழாய்களில் அடைபட்ட காற்றை வெளியேற்றினேன். மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. அப்புறம் பலகையைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தால், கீழே ஒரு இடுக்கில் வெளிக்காற்று நுழைகிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். மெத்தை தைக்கிற தடிமனில் ஸ்பாஞ்ச் வாங்கி வந்து, அந்த இடுக்கையும் அடைத்து, என்ஜின் பெட்டியைச் சுற்றியும் கட்டினேன். ஸ்பேனர் தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்த மாதிரி தெரிந்தது.

இந்தத் தடவை பாலமே கண்ணில் படவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பியதும் சாப்பிடப் பிடிக்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் முப்பது வருஷம் எதைக் கற்றுக்கொண்டானோ அதுவே கடைசியில் அவனைக் கைவிட்டால் அவன் எங்கே போவான்? கடலுக்குக்கூடப் போக முடியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வண்டிக்குள் ஹீட்டர் இருக்கிறதே. அது என்ஜினின் சூட்டை எடுத்துத்தான் உள்ளே வீசுகிறது. அதை முழுசாகத் திறந்துவிட்டால் என்ஜினின் சூடு நம் மேல் வந்துவிடும், என்ஜின் தப்பித்துவிடும். பாலத்தைத் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். சூடு காட்டும் முள்ளை மனைவி பார்த்துவிடக் கூடாதே என்று அதன் மேல் எங்கள் பையனின் சின்னப் போட்டோ ஒன்றை ஒட்டினேன்.

மூன்றாவது பயணம். சூடான காற்று காலில் அடித்தது. அப்புறம் முகத்தில் அடித்தது.

"என்னங்க, அனலடிக்குதே."

"வெயில்."

"வானம் மூடிக் கிடக்கு."

"மேகத்துக்கு மேல வெயில்தானே."

அவள் ஜன்னலைத் திறப்பாள் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை. பையைத் துழாவி ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு லேசாக் குளிருது. இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்களேன்."

ஹீட்டரின் விசிறியையும் கூட்டினேன். வேறு என்ன செய்வது? வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஸ்டியரிங் வழுக்கியது. தூரத்தில் பாலம் தெரிந்தது. கிட்டே வந்தது. இன்னும் கொஞ்சம். மனைவி குனிந்து போட்டோவை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, பையன் முகம் ஏன் இப்படிச் சிவக்குது?"

போட்டோவுக்குப் பின்னால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் ஒரே மகன் காது வரை சிவந்திருந்தான். அடுத்த நிமிஷம் ஆவி கண்ணாடியை மறைத்தது. பாலத்தின் முதல் தூணுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது.

இரண்டு பேரும் இறங்கி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். கீழே ஆற்றில் தண்ணீர் பெயருக்கு ஓடியது.

"அக்கா வீட்டுக்கே போகணும்னு ஏன் இப்படி நிக்கிற?" என்று கடைசியில் கேட்டேன்.

அவள் சால்வையை மடித்தாள். "தினம் சாயங்காலம் போன் பண்றா. பேசறதுக்கு ஒண்ணும் இல்ல அவளுக்கு. 'நீ தைச்சுக்கிட்டே இரு, மிஷின் சத்தம் கேட்டா வீட்ல ஆள் இருக்கிற மாதிரி இருக்கு'ன்னு சொல்லுவா. போனை மிஷின் பக்கத்துல வச்சிட்டுத் தைப்பேன். வேலை இருக்கோ இல்லையோ, ஓட்டிக்கிட்டே இருப்பேன்."

சாயங்காலம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நானும் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"நீயே சொல்லு. எங்க வேணா போகலாம். இனிமே இந்த வண்டி உன் பேச்சைத்தான் கேட்கும். ஆனா அதுக்கு முதல்ல இது ஓடணுமே."

"ஓடும்" என்றாள்.

பையிலிருந்து மிஷின் திறக்கிற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். வண்டிக்கு முன்னால் போய் நின்று நாலு ஸ்க்ரூவைக் கழற்றினாள். பலகை கையோடு வந்தது. அதன் பின்னால் அடைத்திருந்த ஸ்பாஞ்சைக் கொத்துக்கொத்தாக உருவினாள். என்ஜின் பெட்டியைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சையும் விடவில்லை. உள்ளே ரேடியேட்டர் வெகு நாளைக்கு அப்புறம் காற்றைப் பார்த்தது. ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினோம். ஹீட்டரை அணைத்தேன். பாலத்தைத் தாண்டினோம். போட்டோவை உரித்துப் பார்த்தேன். முள் பாதியில் சமர்த்தாக நின்றது. அடுத்த ஊர் வரை அசையவே இல்லை.

"காத்துதான் அதை ஆத்துதா?"

"ஆமா. ரேடியேட்டருக்குக் காத்து போகணுமாம். ஸ்பேனர் அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டாரு. பேன்ட் வாங்க வந்தாரே, அன்னைக்கு."

"அன்னைக்கேவா? அப்புறம்தானே நீ என்கிட்ட பந்தயம் கட்டினே?"

"ஆமா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நேரா கடலுக்கு விட்டிருப்பீங்களே."

அக்கா வாசலில் பெட்டியோடு நின்றிருந்தாள். "வாங்க மாப்பிள்ளை. நீங்க மூணாவது தடவையும் கொதிச்சதும் கிளம்பலாம்னு தங்கச்சி சொல்லியிருந்தா. பெட்டி கட்டி ஒரு வாரம் ஆச்சு."

"கிளம்பறதா? எங்க?"

"கடலுக்குத்தான். நான் கடலே பாத்ததில்ல."

இப்படியாக நாங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தோம். படுக்கையில் அக்காவும் தங்கையும். உருவிய ஸ்பாஞ்சைத் தரையில் பரப்பினால் ஒரு ஆளுக்குச் சரியாக இருக்கிறது. பலகையைத் திருப்பிப் போட்டுத் துணி வெட்டுகிறார்கள். வழியெல்லாம் அக்கா எதைப் பார்த்துக் கைநீட்டினாலும் வண்டி நின்றது.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. என் மனைவிக்கு இவ்வளவு பேச வரும் என்பது எனக்குத் தெரியாது. அக்கா சிரிக்கிறாள். போன வருஷத்துக்கு அப்புறம் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன், அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காலையில் கரையோரம் நடக்கக் கிளம்பும்போது நானும் செருப்பை மாட்டினேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"வண்டிகிட்ட யாராவது இருக்கணும்ல? நீங்க இருங்க. உங்களுக்குத்தான் அமைதி பிடிக்குமே."

போய்விட்டார்கள். மத்தியானம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. கடல் இருக்கிறது. அமைதி இருக்கிறது. நான் ஆசைப்பட்டபடியே நாங்கள் இருவர் மட்டும் இருக்கிறோம், நானும் வண்டியும்.