பூனைக்குப் போட்ட சாம்பிள்

கொங்கு நாட்டில் மாப்பிள்ளையை யாரும் திட்டுவதில்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாக இருந்திருப்பேன். அவன் என்ன கூத்து அடித்தாலும் 'போச்சாதுங்க மாப்ளை' என்று முடித்துவிடுவார்கள். போனால் போகட்டும் என்று அர்த்தம். கடைசியில் போவது மாப்பிள்ளையின் மானம்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வீட்டில் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்தேன். தாராபுரம் பக்கத்து வாத்தியார் மகன், விலங்கியல் பட்டதாரி. (அந்தப் பட்டத்துக்காக அறுத்தது ஒரு தவளை, சில கரப்பான்கள். தவளையையும் பக்கத்து மேசைக்காரன்தான் அறுத்துக் கொடுத்தான்.) மாமனாருக்கு இரண்டும் பெண்கள். கீழே கம்பெனி, மேலே வீடு. மூத்தவள் கலாமணியை எனக்குக் கட்டிக் கொடுத்த கையோடு, "இனி எல்லாம் உங்குளுதுதானுங்க மாப்ளை" என்றார். நான் நம்பிவிட்டேன். இன்னும் வேட்டி மடிப்புக் கலையாத வயசு.

அந்த வீட்டில் எனக்கு முன்பே ஓர் ஆண்மகன் இருந்தார். பெயர் துரை. சாம்பல் நிறக் கடுவன் பூனை. எருமைக் கன்று மாதிரி தலை. கூடத்துப் பிரம்பு நாற்காலியில் மெத்தை போட்டுப் படுத்திருப்பார். மாமனார் வந்தால்கூட அவர் எழுந்திருக்க மாட்டார். மாமனார்தான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். நான் வரும்வரை கலாமணியின் கட்டிலில் அவள் காலடியில் படுத்துத் தூங்கியவர் என்று பிறகுதான் தெரிந்தது. கல்யாணத்தன்று மாலை அவரைத் தூக்கிக் கூடத்தில் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அந்தக் கதவு சாத்தப்பட்ட கணத்திலிருந்து துரை என்னை எப்படிப் பார்த்தார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கம்பெனியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. 'சும்மா பாத்துக்குங்க மாப்ளை' என்பதுதான் உத்தரவு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் கட்டிங் மேசைக்குக் கீழே குவிந்திருந்த வெட்டுத்துணிக்குள் ஒரு பூனைக்குட்டி கண்ணில் பட்டது. உள்ளங்கை அளவு. வெள்ளை. ஒரு காதில் மட்டும் யாரோ மை தொட்டு வைத்த மாதிரி கறுப்பு. தாயைக் காணோம். அதைத் தூக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன்.

கலாமணி பார்த்ததும் உருகிவிட்டாள். "ஐயோ, பஞ்சாட்டம் இருக்குதுங்க!" அதுவே பெயராகிவிட்டது. பஞ்சு.

அத்தை, அதாவது என் மாமியார், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "துரை சும்மா உடுமுங்களா மாப்ளை? கொதறிப் போட்டுருமுங்க."

அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அதுவரை வந்ததே இல்லை. நூல் கவுன்ட் பற்றிப் பேசினால் வாயை மூடிக்கொள்வேன், சாயப்பட்டறை பற்றிப் பேசினால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். இதோ, முதன்முறையாக என் துறை! "அத்தை, அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குதுங்க" என்றேன்.

முறை, கோவையில் பழைய புத்தகக் கடையொன்றில் நான் வாங்கியிருந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. புதுப் பூனையைத் தனி அறையில் வைக்க வேண்டும். பழைய பூனை அதைப் பார்க்கக் கூடாது. ஒரு சுத்தமான துணியால் குட்டியைத் துடைத்து, அந்தத் துணியைப் பழைய பூனைக்குப் படுக்கையாகப் போட வேண்டும். பிறகு அதையே எடுத்துக் குட்டிக்குப் போட வேண்டும். இப்படி ஒன்றின் வாசனைக்கு மற்றொன்று பழகிய பின்தான் நேருக்கு நேர் சந்திப்பு. இரவுச் சாப்பாட்டின்போது இதை வீட்டாருக்கு விரிவாக எடுத்துச் சொன்னேன். 'பிராந்திய உணர்வு' என்ற சொல்லைப் பல தடவை பயன்படுத்தினேன். மாமனார் ரசம் ஊற்றிக்கொண்டே, "படிச்சவீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தனி அறை என்றால் அந்த வீட்டில் கதவோடு இருந்தது எங்கள் அறைதான். ஆகவே பஞ்சு உள்ளே. கதவை அடிக்கடி திறந்தால் துரை உள்ளே பாய்ந்துவிடுவார் என்பதால் கலாமணி அம்மாவோடு போய்ப் படுத்துக்கொண்டாள். புது மாப்பிள்ளை பூனைக்குட்டியோடு குடித்தனம் நடத்தினேன்.

அடுத்தது துணி. இங்கேதான் என் அறிவு முழு வீச்சில் வேலை செய்தது. அந்த வீட்டில் துணிக்குப் பஞ்சமா? கால் மிதிப்பது பனியன் துணி, அடுப்படி துடைப்பது பனியன் துணி, சைக்கிள் செயினைத் துடைப்பதும் பனியன் துணி. ஆனால் புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: மனித வாடையே இல்லாத புதுத்துணி வேண்டும். தேடினேன். மாமனாரின் அலமாரியில், மேல் தட்டில், கண்ணாடித்தாள் உறைக்குள் மடித்து வைத்த ஒரு டீ-சர்ட் இருந்தது. இளம் பச்சை. தொட்டால் வெண்ணெய். கழுத்தில் ஒரு அட்டையைக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, அதன் மேல் யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வீடெங்கும் சாம்பிள் துணிகள் இறைந்து கிடக்கும். அதில் இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். அட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். குட்டியின் கண்ணில் குத்திவிடுமே! (எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.)

அது வெறும் சாம்பிள் இல்லை, சரக்கு வாங்கவிருந்த வெளிநாட்டுப் பையர் பார்த்து, அளந்து, 'இதே போலத்தான் வேண்டும்' என்று கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்துக் கொடுத்த சாம்பிள். நிறம், அளவு, தையல் எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி. கம்பெனியில் வைத்தால் பீஸோடு பீஸாகக் கலந்துவிடும் என்று மாமனார் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால், உள்ளூர் பனியன் அடித்துக்கொண்டிருந்த கம்பெனி முதல் தடவையாக நேரடி ஏற்றுமதிக்குப் போகும். அதை என் பொறுப்பில் விடுவதாகவும் யோசனை இருந்ததாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பிற்பாடு தெரிந்துகொள்வதில் எனக்கு அப்போதே நல்ல தேர்ச்சி.

பஞ்சுவைத் துடைத்த டீ-சர்ட்டைத் துரையின் நாற்காலியில் விரித்தேன். துரை மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பி நின்று, வாலை நட்டு, ஒரு பீய்ச்சு. பிறகு நகத்தால் நாலு இழுப்பு. நான் மனம் தளரவில்லை. 'எதிர்வினை தொடங்கிவிட்டது' என்று கலாமணியிடம் சொன்னேன்.

"நாத்தம் பிடுங்குதுங்க" என்றாள் அவள்.

"அதுதான் வேணும்" என்றேன்.

அதை எடுத்துப் பஞ்சுவுக்குப் போட்டேன். பஞ்சு அதன் மேல் படுத்துத் தூங்கி, தன் பங்குக்கு ஈரமாக்கி வைத்தது. மறுபடி துரைக்கு. மறுபடி பீய்ச்சு. இப்படி ஒரு வாரத்துக்கு மேல் அந்தப் பச்சை டீ-சர்ட் தூதுவன் மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. வாடை பொறுக்காமல் அத்தை சாம்பிராணி போட்டார். மாமனார் அந்த நாட்களில் சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்குமாக அலைந்துகொண்டிருந்ததால் வீட்டில் தங்கவே இல்லை. அவர் ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் என் சரித்திரமே வேறு.

பையர் வந்தார். பெண்மணி. நெடுநெடுவென்று உயரம், பருத்திச் சட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. கூடவே சென்னையிலிருந்து ஓர் ஏஜென்ட், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு. வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டால் ஆர்டர் நம்மை விட்டுப் போகாது என்பது மாமனாரின் நம்பிக்கை. வாழை இலை, கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் வறுவல் என்று அத்தை அசத்தியிருந்தார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஆங்கிலம் தெரிந்த மாப்பிள்ளை என்று அறிமுகப்படுத்தப்பட்டேன். 'இண்டியன் கிளைமேட்' பற்றி ஒரு வாக்கியம் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்தார். மாமனார் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பெருமிதத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் ஏஜென்ட், "நீங்க தைச்ச பீஸை ஒப்பிட்டுப் பார்த்துடலாம் சார். சீல்டு சாம்பிளை எடுத்துட்டு வாங்க" என்றார்.

மாமனார் அலமாரிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் வெறும் உறை இருந்தது.

"இதுக்குள்ள இருந்த பச்சைத் துணிய ஆராச்சும் பாத்தீங்களா?" என்றார் மெதுவாக.

பச்சை என்ற சொல் காதில் விழுந்ததும் துரையின் நாற்காலியைத்தான் பார்த்தேன். இருந்தாலும், அது வேறு பச்சையாக இருக்கும் என்று என் மனம் சத்தியம் செய்தது. எல்லோரையும்விட மும்முரமாக நான்தான் தேடினேன். பீரோவைத் திறந்தேன், பாயைப் புரட்டினேன். கட்டிலுக்கடியில் தலையை விட்டபடி, "இந்த வீட்டுல ஒரு பொருள் வெச்ச எடத்துல இருக்கறதில்லை" என்றுகூடச் சொன்னேன்.

இந்தத் தேடலில் அத்தை எங்கள் அறைக் கதவைத் திறந்துவிட்டார். பஞ்சு வெளியே ஓடியது. கூடத்தில் துரை. ஒரு விநாடி இரண்டும் அசையவில்லை. பிறகு ஓர் உறுமல். பஞ்சு அந்த அம்மாளின் கால்களுக்கு நடுவே நுழைந்து பிரம்பு நாற்காலிக்கடியில் பாய்ந்தது. பின்னாலேயே துரை. நாற்காலி சாய்ந்தது. மெத்தை ஒரு பக்கம், பூனைகள் ஒரு பக்கம். அன்று காலை நான் அக்கறையோடு மெத்தைக்கடியில் செருகி வைத்திருந்த டீ-சர்ட், விருந்தாளியின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

அந்த அம்மாள் குனிந்து இரண்டு விரலால் தூக்கினார். பச்சை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மஞ்சள் வளையங்கள், தொங்கும் நூல்கள், ஒரு கையையே காணோம். கழுத்துப் பட்டையை விரித்து உள்ளே இருந்த லேபிளைப் பார்த்தார். முகத்தருகே கொண்டுபோனார். கொண்டுபோயிருக்கக் கூடாது.

"இது என்னுடையதுதான்" என்றார் ஆங்கிலத்தில். அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொல்லி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையை அடக்குகிறாளா என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாமனார் என் பக்கம் திரும்பினார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், சத்தியமாக ஆசைப்பட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"நீங்க இன்னும் சாப்புடுலீங்களே மாப்ளை. போய் உக்காருங்க, எலை போடச் சொல்றனுங்க."

நான் ஏற்கனவே சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் போய் உட்கார்ந்தேன். அத்தை மறுபடி இலை போட்டார். கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே மறுபடி சாப்பிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாளுக்குப் பூனை என்றால் உயிராம். பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கொஞ்சினார். துரையோடும் படம் எடுத்துக்கொண்டார். இலையில் கை வைத்தபடியே 'தப்பித்தோம்' என்று நினைத்தேன். மறுநாள் ஏஜென்ட் போன் செய்தார். ஒரே ஒரு சாம்பிளைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவர்களிடம் இத்தனை ஆயிரம் பீஸை எப்படி நம்பிக் கொடுப்பது என்று மேடம் கேட்கிறாராம். ஆர்டர் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் வேறொரு கம்பெனிக்குப் போனது. அவர்கள் அதற்குப் பிறகு மாடி மேல் மாடியாகக் கட்டினார்கள்.

மாமனார் போனை வைத்துவிட்டு, "போச்சாதுங்க மாப்ளை" என்றார்.

ஒரு மாதம் கழித்து, கம்பெனிச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவராகவே கண்டுபிடித்து, வெட்டுத்துணி கொட்டி வைக்கும் குடோனுக்கு என்னை மாற்றினார். "அங்க நெழலா, அமைதியா இருக்குமுங்க." கலாமணியிடம் குமுறினேன். "எங்கப்பா உங்களெ ஒரு வார்த்தை சொல்லியிருப்பாருங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. அதுதானே என் வழக்கு! ஆனால் அதை எந்த மனைவியிடம் போய் வாதாட முடியும்?

பூனைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே. விருந்தாளிகள் கிளம்பிய அன்று மாலையே துரையின் வயிற்றில் தலை வைத்துப் பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. துரை அதன் காதை நக்கிக்கொண்டிருந்தார். பஞ்சு சீக்கிரமே மாமனார் மடிக்குப் போனது. அவர் பேப்பர் படிக்கும்போது பக்கம் திருப்பக்கூட அதனிடம் சம்மதம் கேட்பார். எனக்கு மட்டும் கடைசிவரை குடோன்தான்.

கொழுந்தியாளுக்கு அப்புறம் இன்ஜினியர் மாப்பிள்ளை வந்தார். அந்தக் கல்யாணப் பந்தியில்தான் அத்தை இந்தக் கதையை முதன்முதலாக வெளியே எடுத்தார். அன்று முதல் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும், "மாப்ளை, பூனைக்குப் போட்டுட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. கம்பெனி ஒருவழியாக ஏற்றுமதிக்குப் போனபோது அந்தப் பொறுப்பும் இன்ஜினியருக்குப் போனது. அவருக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சில வருஷங்களுக்கு முன் மாமனாருக்கு இதய ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் நர்ஸ் அவருடைய மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் நீட்டினார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனுஷர், மயக்க ஊசியின் கிறக்கத்திலும் கையைத் தூக்கினார்.

"அவருகிட்ட வேண்டாஞ் சாமி. பூனைக்குப் போட்டுருவாரு."

அழுதுகொண்டிருந்த கலாமணி குபீரென்று சிரித்துவிட்டாள். அத்தையும் சிரித்தார். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்ஜினியர் மாப்பிள்ளை கீழே காரை நிறுத்திக்கொண்டிருந்தார். அவர் மேலே வந்து சேரும்வரை, மோதிரத்தையும் கடிகாரத்தையும் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நர்ஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் சிரித்த முகம் மாறாமல் அவர் எதிரிலேயே நின்றேன்.